ஆளில்லாத் தீவுக்குப் போகிறவர்களுக்கு

சின்னவள் தீவிலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் குனிந்து தன் வெள்ளைக் காலணிகள் இரண்டையும் கையில் எடுத்து, தலைகீழாகப் பிடித்து, நிலையில் தட்டினாள். இடது காலணிக்கு மூன்று தட்டு, வலதுக்கு மூன்று தட்டு. பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, உள்ளே ஒரு கண்ணை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைத்தாள். வீடு இருப்பது மூன்றாவது மாடியில். காலணி ராத்திரி முழுக்க இருந்தது வீட்டுக்குள்ளே, அலமாரியின் கீழ்த்தட்டில்.

தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடி, மூணு மாடி ஏறி நண்டு வந்திருக்குமா?"

சின்னவளும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். "காலணிக்குள்ள எது வேணும்னாலும் இருக்கும். பாக்காம போடக் கூடாது."

அந்த வாக்கியம் அக்கா எழுதியது. பன்னிரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி. அடடே, இந்தக் கழுதை கடைசியில் நம் புத்தகத்தைப் படித்திருக்கிறதே என்று அவளுக்குப் பூரித்துப் போய்விட்டது.

அக்காவை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டப்பெயர் கத்திரி. பயணிகளுக்கான கையேடு போடுகிற சின்னப் பதிப்பகம் அது. மூன்று மேசை, ஒரு ஜன்னல், காகிதக் கட்டுகளின் பழைய வாசனை. ஒவ்வொரு கையேட்டின் கடைசித் தாளும் ஒரு படிவம். போய்வந்தவர்கள் அங்கே கண்டதை அதில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேர் சொன்னால் அந்த வரி புத்தகத்தில் ஏறும். ஒருவர் மட்டும் சொன்னால், சொன்னவர் எப்பேர்ப்பட்ட ஆளானாலும், "ஒரு சாட்சி" என்று சிவப்புப் பென்சிலால் எழுதி வெட்டிவிடுவாள். வெட்டிய தாள்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். பதினெட்டு வருஷமாக அவள் கை பட்ட புத்தகத்தை நம்பி யாரும் வழி தவறியதில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. யாராவது அதைச் சொன்னால் மறுக்க மாட்டாள்.

தீவுக் கையேடு முப்பத்திரண்டு பக்கம், சட்டைப் பையில் அடங்கும். அந்தத் தீவில் குடியிருப்பு கிடையாது. கடை, மின்சாரம், தொலைபேசி எதுவும் கிடையாது. ஓலைக் குடிசைகள் ஒரு வரிசை, மழைத் தண்ணீர் பிடிக்கிற தொட்டி ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒரு படகு, எட்டுப் பேரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஏற்கெனவே போயிருந்த எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வரும். எனவே புத்தகத்தில் இருப்பதெல்லாம் நடைமுறை விஷயம்தான். எவ்வளவு குடிதண்ணீர் எடுத்துப் போகணும், எந்த மரத்தின் பாலைத் தொடக் கூடாது, எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும். அத்தோடு எல்லாக் கையேட்டுக்கும் பொதுவான நான்கு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும்: "ஊர்க்காரர்களைக் கண்டால் புன்னகை செய்யுங்கள். என்ன செய்வதென்று தெரியாதபோதும் புன்னகை செய்யுங்கள். புன்னகைக்கு மொழி வேண்டாம்." ஆளே இல்லாத தீவில் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று பொறுப்பாசிரியரிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அச்சுக் கோத்தது கோத்ததுதான், எடுக்க முடியாது என்பார் அவர்.

சின்னவளுக்கு ஏழு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். கத்திரிக்கு அப்போது பதினேழு. அன்றிலிருந்து சடை பின்னியது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது, பரீட்சைக் கட்டணத்துக்கு அலைந்தது எல்லாம் அவள்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து முதல் முறையாக நீண்ட விடுப்பு வாங்கியதும் சின்னவள் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் வழி சொல்ற, நீ ஒரு இடத்துக்கும் போனதில்ல. உனக்காக நான் போயிட்டு வர்றேன்." புத்தகத்தைக் கையில் திணித்தபோது, "தூக்கம் வரலேன்னா படிக்கிறேன்," என்று கண்ணடித்தாள். உலகத்தில் கத்திரிக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள இருப்பது இந்த வாயாடி ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் கத்திரி வீடு திரும்பியபோது ஜன்னல் கண்ணாடி எல்லாம் வியர்த்திருந்தது. அடுப்பில் வீட்டிலேயே பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர், தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சின்னவள் நின்றாள். ஏற்கெனவே வடிகட்டி வருகிற தண்ணீர்தான் அது.

"குமிழி வந்ததுக்கு அப்புறம் முழுசா பத்து நிமிஷம்," என்றாள், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரிங்க மேடம்," என்றாள் கத்திரி. "தீவு எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு முதல்ல. நேத்து வந்ததுலேர்ந்து ஒண்ணுமே சொல்லல நீ."

"கிழக்குக் கரையில மணல் வெள்ளையா இருக்கும். மேற்குப் பக்கம் பாறை, வழுக்கும். பன்னெண்டு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் நிழல்ல இருக்கிறது நல்லது."

"கூட வந்தவங்க?"

"கூட வர்றவங்களோட அனுசரிச்சுப் போகணும். சின்ன இடம்."

கத்திரி சிரிக்க வாயெடுத்தாள். எதனாலோ சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் வளையலைப் பற்றியே அரை மணி நேரம் பேசக்கூடியவள் இவள். எட்டுப் பேர், ஒரு தீவு, பதினான்கு நாள். யாரோடும் சண்டை இல்லை, யாரையும் கேலி பண்ணவில்லை, ஒரு ஆளின் குறட்டையைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. அவள் சொன்னதெல்லாம் பக்கம் ஒன்பதும் பதினாறும்தான். அலுப்பாக இருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று கத்திரி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. பேசியவர் அந்தக் கூடத்தின் மேற்பார்வைக்காரம்மா, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"உங்க தங்கச்சிக்கு உடம்பு ஏதும் சரியில்லையாம்மா? ஊசியைக் கையில குடுத்தா வாங்கிக்கிறா. ஆனா குத்த மாட்டேங்கிறா. அந்த ஆள் முகத்தையே பாத்து சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. நேத்தும் அப்படித்தான். ஒரு பெரியவர் பயந்துபோய் எந்திரிச்சுப் போயிட்டாரு. கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும்."

என்ன செய்வதென்று தெரியாதபோதும் புன்னகை செய்யுங்கள். கத்திரி போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு வீடு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. சின்னவள் தன் அறையில் கொசுவலை கட்டினாள், ஜன்னல் கம்பியில் இரண்டு முனை, கதவுக் கொக்கியில் இரண்டு முனை, ஓரம் முழுக்க மெத்தைக்கு அடியில் சொருகி. பகலிலும் அதற்குள்ளேயே இருந்தாள். அந்த அறையிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. ஈரக் கயிற்றை வெகுநாள் சுருட்டி மூலையில் போட்டுவைத்தால் வருமே, அந்த வாடை, அதற்கு அடியில் சிப்பியின் உப்பு. இரண்டு முறை தரையைத் துடைத்தும் போகவில்லை. குளிக்கச் சொன்னால் குளித்தாள். குளித்து வந்த பிறகும் அப்படியேதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது, கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்து உதைத்து ஓய்ந்துபோன பிறகு வீடு முழுக்க ஒரு பெரிய அமைதி படிந்தது, அந்த அமைதிக்குள் குளிர்பெட்டியின் முனகலும் குழாயில் சொட்டுகிற தண்ணீரும் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, துணி மடித்துக்கொண்டிருந்த கத்திரிக்கு மூன்றாவதாக ஒரு சத்தம் கேட்டது. தங்கையின் அறையிலிருந்து. முணுமுணுப்பு.

அவள் வெறுங்காலோடு போய்க் கதவருகில் நின்றாள்.

"தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். தாகம் எடுக்கும் முன்பே." பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் பண்ணுவதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல். பிறகு நின்றது. பிறகு ஒரு சிரிப்பு. சின்னவளின் சிரிப்பு, மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் முடிகிற அந்தக் குறும்புச் சிரிப்பு. சட்டென்று பாதியில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை கொஞ்சம் நீளம். மறுபடியும். நான்காவது தடவை அது கச்சிதமாக வந்தது.

கத்திரிக்குப் பிடரி மயிர் குத்திட்டு நின்றது. பயம். வேறு பெயர் எதுவும் வேண்டாம், அப்பட்டமான பயம். தான் தூக்கி வளர்த்த குழந்தையின் அறை வாசலில் நின்றுகொண்டு, கதவு திறந்துவிடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

சாயங்காலம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டுவிட்டாள். ரொம்ப சாதாரணமாகக் கேட்பதுபோல, தட்டைப் பார்த்துக்கொண்டே.

"அம்மா போறதுக்கு முன்னாடி உன் கையில ஒண்ணு குடுத்தாளே. என்னதுடி அது? எனக்கு மறந்தே போச்சு."

அவள் மறக்கவில்லை. ஒரு நீலப் பொத்தான். அம்மாவின் ரவிக்கையிலிருந்து பிய்ந்தது. சின்னவள் அதைப் பத்து வருஷம் பென்சில் பெட்டியில் வைத்திருந்தாள்.

எதிரே கை நின்றது. தலை மெல்ல நிமிர்ந்தது. கண் இரண்டும் கத்திரியின் முகத்தில் எதையோ தேடின. நெற்றியில், வாயில், மறுபடி நெற்றியில். எங்கேயோ பக்கம் புரள்வதுபோல ஒரு நேரம் கழிந்தது. பிறகு உதடு விரிந்தது.

"உள்ளூர் விஷயங்களை ஊர்க்காரங்ககிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிறது நல்லது," என்றது அது. "நீங்களே சொல்லுங்களேன்."

கத்திரி எழுந்து போய்க் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மறுநாள் காலை அது குளிக்கப் போன நேரத்தில் கொசுவலையைத் தூக்கித் தலையணைக்கு அடியில் கையை விட்டாள். புத்தகம் கிடைத்தது. நனைந்து காய்ந்து இரண்டு மடங்கு உப்பியிருந்தது. பக்கங்களின் ஓரமெல்லாம் கறுத்து, மெழுகு பிடித்து, பல பேர் பல நாள் புரட்டியதுபோல வழவழவென்று இருந்தது. பதினான்கு நாளில் ஒரு ஆள் கையால் இப்படி ஆகாது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டே அவள் புரட்டினாள். இருபத்து மூன்றாம் பக்கம், ஓரத்தில், பென்சிலில் சின்னவளின் கோழிக் கிறுக்கல்.

"அக்கா, கரையில நிக்கிறவங்களைப் பத்தி நீ ஏன் எழுதல? ஆளே இல்லைன்னு போட்டிருக்க. மரத்துக்குப் பின்னாடி நிக்கிறாங்க. நாங்க என்ன பண்ணாலும் பாத்துக்கிட்டே இருக்காங்க. முதல்ல முகம் சரியா இல்ல. நாள் ஆக ஆக எங்களை மாதிரியே"

அவ்வளவுதான். பென்சில் கோடு கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது.

தண்ணீர் சத்தம் நின்றது.

புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தாள், வலையைச் சொருகினாள், செருப்பு மாட்டாமல்கூட மாடிப்படி இறங்கினாள். எப்போதோ வெட்டிப் போட்ட ஒரு படிவம் ஞாபகம் வர, நேரே அலுவலகத்துக்கு ஓடினாள்.

பிஸ்கட் டப்பாவின் அடியில் அந்தத் தாள் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முந்தையது. தீவில் பறவை கணக்கெடுக்கப் போன ஒருவர் அனுப்பியது. குண்டு குண்டான, நிதானமான கையெழுத்து. "திரும்பும் படகில் ஏறும் முன், கூட வந்த ஒவ்வொருவரிடமும் இந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். பதில் தெரியாதவரை ஏற்றாதீர்கள். உங்கள் ஆள் இன்னும் தீவில்தான் இருக்கிறார். நான் கேட்கத் தவறினேன். என் கூட்டாளி அங்கே இருக்கிறார்." குறுக்கே அவளுடைய சிவப்புப் பென்சில். ஒரு சாட்சி. வெட்டு. அன்றைக்குப் பொறுப்பாசிரியரிடம் வாசித்துக் காட்டி, மனுஷனுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று இருவரும் சிரித்தது ஞாபகம் வந்தது.

சின்னவளைத் தவிர வேறு சாட்சி எங்கே? அதற்குப் பிறகு நான்கு வருஷமாக வந்த படிவங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். நூற்றுக்கு மேல் இருக்கும். ஆண், பெண், சாய்ந்த எழுத்து, நெட்டை எழுத்து, பச்சை மசி, நீல மசி. எல்லாவற்றிலும் ஒரே வரி. "எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது." எல்லாவற்றிலும். இதைப் பாராட்டு என்று நினைத்து அலுவலகத்தில் ஒருநாள் இனிப்புகூட வாங்கிக் கொடுத்தார்கள்.

பறவைக்காரர் படிவத்தில் எழுதியிருந்த எண்ணுக்குப் போட்டாள். எடுத்தது அவர் மனைவி.

"புத்தகம் போடுறவங்களா? ஐயோ, அவரு அந்தக் கடுதாசி எழுதினப்போ படாத பாடு படுத்திட்டாருங்க. கூட்டாளியைக் கூட்டிட்டு வர்றேன்னு மறுபடியும் கிளம்பிப் போனாரு. அடுத்த படகுலயே திரும்பி வந்துட்டாரு. இப்ப நல்லா இருக்காரு. முன்னெல்லாம் சுள்ளுனு எரிஞ்சு விழுவாரு, இப்ப எந்நேரமும் சிரிச்ச முகம். இருங்க, குடுக்கிறேன்."

"வேண்டாங்க," என்றாள் கத்திரி.

ஆனால் போன் கை மாறிவிட்டது. மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு நிதானமான ஆண் குரல், "உங்கள் பயணம் இனிதாகட்டும்," என்றது. முதல் பக்கம், முதல் வரி.

பொறுப்பாசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொல்றேன்னா சும்மா சொல்ல மாட்ட. ஆனா படகை நிறுத்துங்கன்னு நான் போய் யார்கிட்ட சொல்ல? உன் வீட்டு ஆள் எழுதினது கணக்குல வராது, இன்னும் ஒருத்தர் சொல்லட்டும்மா. உனக்குத் தெரியாததா?" என்றார்.

அடுத்த படகுக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் அவள் அதே வீட்டில் இருந்தாள். தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கட்டிலை இழுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்து. போகாதே என்று புத்தி சொல்லத்தான் செய்தது. பறவைக்காரரும் இப்படித்தான் போனார் என்று சொல்லிற்று. ஆனால் கண்ணை மூடினால் மழைத் தொட்டியடியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற சின்னவள்தான் தெரிந்தாள். அக்கா வருவாள் என்று அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் கடைசிப் பிள்ளையாக நின்றபோதும் அழாத பிள்ளை அது, அக்கா வராமல் இருக்க மாட்டாள் என்று. இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது? தன் பென்சில் வெட்டின வரிக்குத் தன் பிள்ளை அங்கே கிடக்கிறது. போய்த்தான் ஆகணும். போய், படகை விட்டு இறங்காமலே கூப்பிட்டு, பொத்தான் கதையைக் கேட்டு, பதில் சொன்னதும் கையைப் பிடித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடணும்.

கிளம்புகிற விடியற்காலையில் அது வாசலுக்கு வந்து நின்றது. தலை வாரியிருந்தது. ஈரக் கயிற்று வாடை.

"எதையும் எடுத்துட்டு வராதீங்க," என்று சிரித்தது. "எதையும் விட்டுட்டு வராதீங்க."

படகுத்துறையில் மற்ற ஏழு பேரும் பாட்டும் கூத்துமாக இருந்தார்கள். ஒரு புதுமணத் தம்பதி, நான்கு கல்லூரித் தோழிகள், கேமரா தொங்கவிட்ட ஒரு பல் வைத்தியர். எல்லார் சட்டைப் பையிலும் அவள் புத்தகம். போகாதீங்க என்றாள் அவள், கெஞ்சினாள். தோழிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். படகுக்காரர் வெற்றுடம்பில் துண்டோடு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "எட்டுப் பேரைக் கொண்டுபோறேன், எட்டுப் பேரைக் கொண்டுவர்றேன். ஒரு ஆள் குறைஞ்சதில்ல இன்னிக்கு வரைக்கும். நல்லபடியா சிரிச்சுக்கிட்டுத்தான் இறங்குறாங்க. ஏறுங்கம்மா," என்றார்.

ஏழு மணி நேரம். டீசல் புகையும் உப்பும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, மரப்பலகையின் அதிர்வு முதுகெலும்பு வழியாகப் பல்வரைக்கும் ஏற, வெயில் தண்ணீரில் பட்டுச் சில்லுச் சில்லாகக் கண்ணைக் குத்த, கத்திரி படகின் முன்மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் இரண்டு மணிவாக்கில் தீவு தெரிந்தது. முதலில் ஒரு பச்சைக் கோடு. பிறகு வெள்ளை மணல். பிறகு குடிசை வரிசை, தொட்டி. ஒவ்வொன்றும் அவள் எழுதி வைத்த இடத்திலேயே இருந்தது.

மணலின் வலது கோடியில், பாறை ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு உருவம் ஓடியது.

மெலிந்து போயிருந்தது. தலைவிரிகோலம். ஒரு தோள் கிழிந்த மஞ்சள் சட்டை. ஓட்டத்தில் வலது கால் கொஞ்சம் வெளியே வீசியது. சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த கால். அந்தக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டபோது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கத்திரி. பொத்தான் கதையெல்லாம் கேட்க வேண்டியதே இல்லை. இவள்தான். இவள்தான்!

கத்திரி எழுந்து நின்றுவிட்டாள். படகு ஆடியது. "வந்துட்டேன்டி! அக்கா வந்துட்டேன்!" இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வீசினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. கரையில் அவளும் இரண்டு கையையும் தூக்கி வீசினாள். குதித்தாள். வாய் திறந்து திறந்து மூடியது.

படகு நெருங்கியது. காற்று திரும்பியது. குரல் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது.

"...ராத! அக்கா... வராத! திரும்பிப் போ! வராதக்கா!"

கை கூப்பிடவில்லை. தள்ளிக்கொண்டிருந்தது.

"திருப்புங்க," என்றாள் கத்திரி. படகுக்காரரிடம் திரும்பினாள். "படகைத் திருப்புங்க!"

"ஏத்தாம எப்படிம்மா திருப்புறது? காத்துக்கிட்டு நிக்கிறாங்களே," என்றார் படகுக்காரர். மோவாயால் இடது பக்கம் காட்டினார்.

அவள் இதுவரை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

தண்ணீர் ஓரமாக எட்டுப் பேர், பையும் கையுமாக, ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். தலை வாரி. சட்டையை உள்ளே விட்டு. எல்லாரும் சிரித்துக்கொண்டு.

அவர்களுக்குப் பின்னால், மரநிழல் தொடங்குகிற இடத்தில், இன்னும் சிலர்.

பை இல்லை. எண்ணினாள். எட்டு.

முகம் இருக்க வேண்டிய இடம் ஈரமாக, மொழுமொழுவென்று இருந்தது. எட்டும் படகையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றின் கழுத்தில், கேமரா தொங்குவதுபோல ஒரு வீக்கம். நான்கு ஒன்றையொன்று இடித்துக்கொண்டன, மெதுவாக, பழகிப் பார்ப்பதுபோல.

எஞ்சின் நின்றது.

அடிப்பலகை மணலில் உரசியது. தோழிகள் கூச்சல் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள்.

வலது கோடியில் சின்னவளின் கை தாழ்ந்தது. அவள் மணலில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"இறங்குங்கம்மா. இடம் வேணும்," என்றார் படகுக்காரர்.

நிழலிலிருந்து ஒன்று மட்டும் வெளியே வந்தது. வெயிலில். மணலில். தண்ணீருக்குள். முழங்கால் வரைக்கும். படகின் மூக்குக்கு நேராக வந்து நின்று, கத்திரியை அண்ணாந்து பார்த்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியது. அவள் வீசினது போலவே வீசியது. வாய் இல்லாத இடத்தில் ஒரு கீறல் பிளந்து, அவள் கூவின வார்த்தையின் வடிவத்துக்கு விரிந்தது, மூடியது, விரிந்தது.

பிறகு அது ஒரு கையை அவளிடம் நீட்டியது. இறங்க உதவுவதுபோல.

அன்று காலை பைக்கு வார் தைக்கும்போது ஊசி ஏறி, கத்திரி தன் இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். நீட்டிய கையின் கட்டைவிரலில், ஈரச் சதைக்கு உள்ளேயிருந்து, வெள்ளையாக, சதுரமாக, அதே பிளாஸ்திரி முளைத்துக்கொண்டிருந்தது.